பட்டவன் கல்லும் பெயரில்லாப் பலகையும்

புதுக்கோட்டையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற டிசம்பரில் ஒரு கேள்வி கேட்டார். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் பாடம். ஹிரோஷிமா வந்ததும் பிள்ளைகள் அந்த ஊரின் அமைதிப் பூங்காவைப் பற்றி விடாமல் கேட்டிருக்கிறார்கள். "ஜப்பானுக்கா கூட்டிட்டுப் போக முடியும்? நம்ம பக்கத்துல, ஒரு வேன் வச்சுக் காலையில போயிட்டு ராத்திரி திரும்புற மாதிரி, போர்ல செத்தவங்களை நினைக்கிற இடம் ஏதாவது இருக்கா?"

சட்டென்று "இல்லை" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்த 'இல்லை' உறுத்தியது. சுற்றுலாப் பேருந்து நின்று, டிக்கெட் கொடுத்து, புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்படியான அமைதிப் பூங்கா எதுவும் எனக்குத் தெரிந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் இல்லைதான். ஆனால் போரில் செத்தவனுக்குக் கல் நட்டு, அந்தக் கல்லை இரண்டாயிரம் ஆண்டு காப்பாற்றி வைத்திருக்கும் மண் இது. நமக்கு அது நினைவிடமாகத் தோன்றவில்லை. அது ஏன் என்று பார்க்கப் புறப்பட்டதன் விளைவே இந்தக் கட்டுரை.

நகரத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் பொற்பனைக்கோட்டை இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது முனீஸ்வரர் கோயில். தொல்லியல்காரர்களுக்குத் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் சங்ககாலக் கோட்டைகளில் முதன்மையானது. மண்மேடாகிப்போன மதிலும் அகழியும் இன்றும் கண்ணுக்குத் தெரியும். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு நடத்தின. அதற்கெல்லாம் முன்பே, தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. கணங்குமரன் என்ற பெயர் அதில் படிக்கப்பட்டிருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த மூன்று நடுகற்கள் அதைவிடப் பழையவை. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், இறந்த அந்தவன் என்பவனுடைய கல். பேடு, தீயன் என்று அவன் ஊரும் குலமும்கூட அந்தச் சின்னக் கல்லில் இருக்கின்றன.

மாட்டுச் சண்டையில் செத்தவன் அவன். அரசனோ சேனாபதியோ அல்ல. அவனுக்குப் பெயர், ஊர், சாவுக்குக் காரணம் மூன்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கல் நடுவதற்கு ஒரு முறை இருந்தது. தொல்காப்பியம் அதைப் படிப்படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது, அதை எடுத்துவர நாள் குறிப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களே இந்த வரிசையில்தான் வருகின்றன. அங்கே எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. நீதி கேட்ட ஒரு பெண்ணுக்குக் கல் எடுக்கவேண்டும். அதற்காகச் செங்குட்டுவன் இமயம்வரை படையெடுத்துப் போகிறான். தோற்ற கனகன், விசயன் தலையில் கல்லை ஏற்றிக் கொண்டுவருகிறான். துக்கத்துக்கு எடுத்த கல்லே புதிதாக ஒரு போரைக் கேட்டது. போர் நினைவுச் சின்னங்களைப் பற்றி உலகம் முழுதும் பிற்பாடு எழுந்த சந்தேகங்கள் எல்லாம் அந்தக் கதையிலேயே இருக்கின்றன.

புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரத்தில் இப்படிச் செத்தவனுக்கு இன்றும் 'பட்டவன்' என்று பெயர். மரியாதையாகப் 'பட்டவர்'. 'பட்டான்' என்றால் போரில் விழுந்தான் என்பது கல்வெட்டு மொழி. அது பேச்சுமொழியில் சாமியின் பெயராக நின்றுவிட்டது. கந்தர்வகோட்டைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் அப்படி ஒரு கல்லைப் பார்க்கப் போனேன். வேப்பமரத்தடியில் முழங்கால் உயரப் பலகைக்கல். எண்ணெய் ஊறிக் கறுத்து, மேலே மஞ்சள் அப்பி, வாளேந்திய கை மட்டும் நிழலாகத் தெரிந்தது. பக்கத்தில் ஆடு கட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன்.

"இது யாரு அப்பத்தா?"

"எங்க பட்டவருப்பா."

"யாரோட சண்டை போட்டாரு?"

"அது யாருக்குத் தெரியும்? மாடு பிடிக்க வந்தவன வெட்டுனாருன்னு எங்க மாமியா சொல்லும். ஆடியில பொங்க வைப்போம். மழ தண்ணிக்கு அவருதான்."

பெயர் போய்விட்டது. போர் போய்விட்டது. எதிரி யாரென்பதும் போய்விட்டது. படையல் மட்டும் நிற்கிறது. ஒரு வகையில் பார்த்தால் இதுவே உண்மையான அமைதி: பகை மறந்து மரியாதை மட்டும் மிஞ்சிய நிலை. ஆனால் அப்படிச் சொல்லித் திருப்திப்பட எனக்கு மனமில்லை. கல்லில் எழுத்து இருந்திருந்தால், மஞ்சளுக்கும் எண்ணெய்க்கும் அடியில் அந்தப் பெயர் இன்னும் இருக்கக்கூடும்.

நடுகல்லைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெறும் கல்லோடு ஊர் நின்றுவிடவில்லை. போரில் இறந்தவனுடைய குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி, இரத்தக்காணிக்கை என்று அதற்குப் பெயர். சிந்திய இரத்தத்துக்கு ஈடான நிலம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் படைச்சேவைக்கு மானியமாக நிலம் பெற்ற அமரகாரர்கள் 19ஆம் நூற்றாண்டுவரை இருந்தார்கள். கல் வேறு, கஞ்சி வேறு என்று பிரிக்காத ஏற்பாடு. இன்றைய நினைவுத்தூண் திறப்பு விழாக்களில், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் விதவையின் ஓய்வூதியக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நடுகல்லின் மனசு பெரிது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயரும் எழுதியிருக்கிறார்கள். எசமான் விழுந்தபிறகு கள்வர்களைக் கடித்து நின்ற நாய். நாய்க்குப் பெயர் எழுதிய சமூகம் இது. அதே சமூகம், போனவனோடு எரிந்துபோன பெண்ணுக்கு எத்தனை கல்லில் பெயர் எழுதியது? உடன்கட்டையைக் குறிக்க 'மாலை' என்ற சொல்லைத் தென்பாண்டி வட்டாரங்கள் வைத்திருந்தன. மாலையம்மன், தீப்பாஞ்சம்மன் என்று பொதுப்பெயரில் கும்பிட்டு முடித்துவிட்டார்கள். பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

பெயர் இருந்தும் நினைக்க விரும்பாத இடங்களும் உண்டு. பொன்னமராவதிப் பக்கத்தில் திருக்களம்பூர். கதலிவனேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபிறகு தப்பிவந்த கட்டபொம்மன் இந்தக் காட்டுப் பகுதியில்தான் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமானின் ஆட்களிடம் சிக்கினான். கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைக்கப்பட்டு, அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கயத்தாற்றில் சிவாஜி கணேசன் நிறுவிய சிலை இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் போகிறவர்கள் திருக்களம்பூருக்கு வருவதில்லை.

'காட்டிக்கொடுத்த ஊர்' என்று புதுக்கோட்டைக்காரனை வெளியூரில் சீண்டுவார்கள். பதிலுக்கு இங்கே இரண்டு வாதம் தயாராக இருக்கும். தொண்டைமான் கும்பினியின் நேசன், நேசனின் கடமையைச் செய்தான் என்பது ஒன்று. கட்டபொம்மனும் பாளையக்காரன்தானே, அவன் மட்டும் தியாகியா என்பது இன்னொன்று. இரண்டும் அரைகுறை. அந்த விசுவாசத்துக்குக் கூலியும் வந்தது. கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நிலமும் தொண்டைமானுக்குக் கிடைத்தன. இதை மறைக்கவேண்டியதில்லை. 1948 மார்ச்சில் சமஸ்தானமே இந்திய ஒன்றியத்தில் கரைந்துவிட்டது. சீண்டல் மட்டும் கரையவில்லை. நான் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் வேனைத் திருக்களம்பூரிலும் கட்டாயம் நிறுத்துவேன். தன் ஊர் தோற்ற பக்கமா, துரோகப் பக்கமா, வென்ற பக்கமா என்று பதினைந்து வயதில் குழம்பிப்போவது நல்லது. வீரவசனம் கேட்டு வளர்வதைவிட அது எவ்வளவோ மேல்.

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் வாங்கவோ வெங்காயம் வாங்கவோ போகாத புதுக்கோட்டை வியாபாரி இல்லை. அந்த மார்க்கெட்டின் முன்னால் ஒரு போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆட்டோ ஹாரனுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களின் "ஓரம், ஓரம்" சத்தத்துக்கும் நடுவில் அதை அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. கல்வெட்டு ஆங்கிலத்தில். 1914 முதல் 1919வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 302 பேர் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது அதன் செய்தி. அவ்வளவுதான். ஒரு பெயர்கூட இல்லை.

இந்தப் பலகை திருச்சிக்கு மட்டும் உரியதல்ல. இந்தியா முழுக்க ஊர் ஊராக ஒரே வாசகத்தோடு, எண்ணை மட்டும் மாற்றி வைத்த பலகை அது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஏகாதிபத்தியம் என்ன செய்தது என்று அறியச் சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். பூந்தமல்லிச் சாலை இரைச்சலிலிருந்து உள்ளே நுழைந்ததும் காது அடைத்தமாதிரி அமைதி. வெட்டிவிட்ட புல். இரண்டாம் உலகப்போரில் இறந்த 856 பேருக்கு வரிசை வரிசையாகக் கல். ஒவ்வொன்றிலும் படைப்பிரிவின் சின்னம், பெயர், வயது, நாள். முதல் உலகப்போரில் இறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் அங்கே பெயர்ப்பலகை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். டெல்லி இந்தியா கேட்டிலும் பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பொறித்திருக்கின்றன. ஆனால் முதல் உலகப்போரில் இறந்த இந்தியர் எழுபதாயிரத்துக்கும் மேல். திருச்சிப் பலகையின் 41 பேரில் ஒருவனுடைய கொள்ளுப்பேரன் இன்று காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாலும், தலைக்கு மேலே இருக்கும் கல் தன் கொள்ளுத்தாத்தாவுடையது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. ஆகோளில் இறந்த அந்தவனுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முன் கிடைத்த மூன்றும் (பெயர், ஊர், காரணம்) அந்தத் திருச்சிச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது எண் மட்டும்.

எண்கூட இல்லாதவர்கள் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போன நம் பக்கத்துச் சனங்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் அந்தத் தோட்டங்களிலிருந்து அவர்களை ஆள்பிடித்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். பதினாறு மாதம்கூட ஆகாமல் பாதை முடிந்தது. காலரா, மலேரியா, பட்டினி, அடி. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவைத் தொண்ணூறாயிரம் வரை மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பங்கு தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் 6,982 போர்க்கைதிகள் பெயரோடு படுத்திருக்கிறார்கள். தொழிலாளிக்குக் கல் இல்லை. கைதியின் பெயர் ராணுவப் பதிவேட்டில் இருந்தது. கூலியின் பெயர் கங்காணியின் நோட்டில் இருந்தது. நோட்டு காடோடு போயிற்று.

2023இல் காஞ்சனபுரியில் புத்தவிகாரை வளாகம் ஒன்றில் தமிழர்கள் கூடி, அந்தத் தொழிலாளர்களுக்காக ஒரு கல் வைத்தார்கள். அதற்கு நடுகல் என்றே பெயர் சூட்டினார்கள். தமிழ்நாடு அரசும் அதற்கு நிதி அறிவித்தது. எண்பது ஆண்டு தாமதம்தான். ஆனால் சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் போர்க்காலத்துத் தென்கிழக்காசியத் தமிழனை இலக்கியத்தில் பார்க்கவேண்டுமானால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. எழுதியவருடைய ஊர் சிங்கம்புணரி, புதுக்கோட்டை எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். அவருக்கும் நினைவிடம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. புத்தகம் போதும் என்று விட்டுவிட்டோம் போலும்.

இப்போது நண்பரின் கேள்விக்கு நேரடியான விடைக்கு வருகிறேன். புதுக்கோட்டையிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய, போர் நினைவுக்கென்றே கட்டிய வளாகம் ஒன்று உண்டு. கந்தர்வகோட்டை வழியாகத் தஞ்சாவூர் போனால் ஊரின் தென்விளிம்பில், விளாரில், முள்ளிவாய்க்கால் நினைவு முற்றம். 2009 மே மாதம் முல்லைத்தீவுக் கடற்கரையில் முடிந்த போரில் இறந்தவர்களுக்காக, பழ. நெடுமாறன் தலைமையிலான உலகத் தமிழர் பேரமைப்பு எழுப்பியது. 2013 நவம்பரில் திறந்தார்கள். ஒரே வாரத்தில், நவம்பர் 13 அதிகாலையில், சாலையோரச் சுற்றுச்சுவரும் பூங்காப் பகுதியும் பொக்லைன் வைத்து இடிக்கப்பட்டன. நெடுஞ்சாலைத் துறை நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். தடுத்தவர்கள் கைதானார்கள், நெடுமாறனும் சிறைக்குப் போனார்.

நான் போனது ஒரு ஞாயிறு மதியம். கருங்கல்லில் நீளமாகச் செதுக்கிய இரண்டு காட்சிச்சுவர்கள். ஒன்றில் குண்டு விழும் கரை: ஓடுகிறவர்கள், விழுந்தவர்கள், பிள்ளையை மார்போடு அணைத்தவர்கள். மற்றொன்றில், அந்தப் போரை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாட்டில் தீக்குளித்தவர்கள். சிற்பவேலை கோயில் சிற்பிகளின் கை. அதன் பலமும் பலவீனமும் அதுதான். உளி சுத்தம். ஆனால் சாகிறவர்களின் முகமெல்லாம் ஒரே முகமாக, சாமி முகத்தின் சாயலாக இருக்கிறது.

சுவரை ஒட்டி ஒரு குடும்பம் மெதுவாக நடந்தது. பேச்சை வைத்தே முகாமிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. புதுக்கோட்டை மாவட்டத்திலேயே லேனாவிளக்கு, அழியாநிலை, தோப்புக்கொள்ளை என்று மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. 2021இல் அரசு அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. சிலர் அங்கே வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்த அம்மா ஒரு சிற்பத்தின் காலடியைத் தொட்டுவிட்டு மகளிடம் சொன்னார்: "எல்லாம் வடிவாத்தான் செய்திருக்கினம். ஆனா எங்கட மாமான்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லையே, பிள்ளை."

அதற்கு மேல் அந்த வளாகத்தைப் பற்றி நான் எழுதும் விமர்சனம் எதுவும் தேவையில்லை. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்றது. அந்த எண்ணை மறுக்கிறவர்களும் கூட்டிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பெயர்ப்பட்டியல் இருந்தால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். எண்ணுக்கு வாதம் செய்யலாம், பெயருக்கு முடியாது.

பெயர் எழுதிய இடங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்கவேண்டும். ஈழத்தில் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களில் ஒவ்வொரு கல்லிலும் பெயர் இருந்தது. போர் முடிந்தபிறகு அவை புல்டோசரால் மட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்த இடத்திலேயே ராணுவத் தலைமையகம் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எழுப்பிய முள்ளிவாய்க்கால் தூபியை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு ஏப்ரலில் மறுபடி எழுந்தது. இடிக்கும் கை தமிழனுக்குப் புதிதல்ல. சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் மாண்டவர்களுக்காக நேதாஜி 1945 ஜூலை 8இல் அடிக்கல் நாட்டிய தூணை, செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே இப்போது இருப்பது, அந்தத் தூண் இருந்தது என்பதற்கான அடையாளப் பலகை. நினைவுத்தூணுக்கே ஒரு நினைவுப் பலகை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை நொண்டும். 1987 முதல் 1990வரை அமைதிப்படை என்ற பெயரில் இலங்கைக்குப் போய் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களுக்குக் கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுரத்தில் இலங்கை அரசு பெயர் பொறித்துக் கல் வைத்தது. டெல்லியில் 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவகம் திறந்து, 25,942 பெயர்கள் பொறித்த பிறகுதான் அவர்களுக்குச் சொந்த நாட்டில் தேசிய அளவில் அரசின் கல் கிடைத்தது. போன காரணத்தைப் பற்றி நமக்குக் கோபம் இருக்கலாம். அந்தப் படையால் குடும்பத்தை இழந்தவர்கள் லேனாவிளக்கில் இருக்கிறார்கள், அவர்கள் கோபத்துக்கு நியாயமும் உண்டு. அதற்காகச் செத்த சிப்பாயின் பெயர் முப்பது ஆண்டு காத்திருந்தது சரியாகிவிடாது.

ஹிரோஷிமாவுக்கு வருவோம், பிள்ளைகள் கேட்டது அதைத்தானே. 1945 ஆகஸ்டு 6க்கு முன்பு இன்றைய பூங்கா இருக்கும் இடம் கடைகளும் வீடுகளும் நெருக்கிய நகாஜிமா என்ற வட்டாரம். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் இறந்தார்கள். கென்சோ டாங்கே வடிவமைத்த பூங்கா 1954இல் திறந்தது. நினைவு வளைவின் அடியில், கல்பெட்டிக்குள், இறந்தவர் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தெரியவரும் பெயர்களைச் சேர்க்கிறார்கள். இதை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது உடனே ஒரு கறையையும் சொல்லவேண்டும். குண்டில் இறந்த கொரியர்களுக்கான கல்லை 1970இல் பூங்காவுக்கு வெளியேதான் வைக்கமுடிந்தது. உள்ளே கொண்டுவர 1999 ஆயிற்று. அமைதிப் பூங்காவுக்கும் வேலி உண்டு. வேலிக்கு இந்தப்புறம் யார் என்று எப்போதும் கேட்கவேண்டியிருக்கிறது.

அந்த வேலியை எடுத்துவிட்ட இடம் என்று எனக்குத் தெரிந்தது ஒகினாவாதான். தீவின் தென்முனையில், மபுனி என்ற இடத்தில், போர் முடிந்த ஐம்பதாவது ஆண்டான 1995இல் 'அமைதியின் மூலைக்கல்' என்று கறுப்புக் கல்சுவர்களை எழுப்பினார்கள். ஒகினாவாப் போரில் இறந்த எல்லாருடைய பெயரும் அதில் வரலாம் என்பது விதி. சொந்த மக்கள், ஜப்பானியச் சிப்பாய், எதிர்த்துவந்த அமெரிக்கச் சிப்பாய், இழுத்துவரப்பட்ட கொரியத் தொழிலாளி, தைவான்காரர். இதுவரை இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் பெயர்கள். கொன்றவனும் செத்தவனும் ஒரே சுவரிலா என்று சில கொரியக் குடும்பங்கள் பெயர் தர மறுத்துவிட்டன. அந்த மறுப்பும் நியாயமே. சேர்ந்து நினைக்கவேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விளாரில் முகாம் அம்மாவிடம், மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் சிங்களச் சிப்பாயின் பெயரும் வரட்டும் என்று நான் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். முதலில் மாமா பெயர் வரட்டும். அடுத்த பெயரைப் பற்றி அவருடைய பேத்தி முடிவு செய்துகொள்வாள். கனடாவின் பிராம்ப்டனில் 2025 மே மாதம் பொதுப்பூங்காவுக்குள்ளேயே தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறந்திருக்கிறது. கடல்கடந்துபோன ஊரில் நகராட்சிப் பூங்காவில் கிடைத்த இடம், போர் நடந்த தீவின் பொதுப்பூங்கா எதிலும் கிடைக்கவில்லை.

ஆக, நண்பரே, வேனுக்கு நான் போட்டுத்தரும் வழி இது. காலையில் பொற்பனைக்கோட்டை மேடு. அங்கிருந்து திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம், 1910 முதல் இருக்கிறது. மாவட்டத்துக் கற்களைப் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. பிறகு பட்டவன் கல் இருக்கும் ஏதாவது ஒரு கிராமம், முன்கூட்டி ஊரார் சம்மதம் வாங்கிக்கொண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் விளார். திருக்களம்பூர் நேரெதிர்த் திசை, அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். சுற்றி முடித்ததும் கட்டுரைப் போட்டி வைத்துவிடாதீர்கள். "போர் கொடியது, அமைதி இனியது" என்று நாற்பது பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தை எழுதுவார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டிலோ தெருவிலோ கேட்டு ஒரு பெயர் கொண்டுவரச் சொல்லுங்கள்: போரில் போனவர், பர்மாவிலிருந்து நடந்தே வந்து வழியில் இறந்தவர், மலாயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோனவர், கார்கிலில் இறந்தவர், முல்லைத்தீவில் காணாமற்போனவர் யாராக இருந்தாலும் சரி. பெயர், ஊர், எப்படிப் போனார்கள். கணங்குமரனுக்குக் கல் வைத்தவர்கள் செய்ததும் இதேதான்.

இதைப் படிக்கும் புதுக்கோட்டைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊர்ப் பட்டவன் கல்லுக்கு இந்த ஆடியில் வெள்ளையடிக்கப் போகிறீர்கள், அல்லது சிமெண்டு மேடை கட்டிப் பளிங்கு ஒட்டப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஒருநாள் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள். கம்பி பிரஷ், ஆசிட், உளி எதுவும் வேண்டாம். சாயங்கால வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்து இருந்தால் தெரியும். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.